சார்ஜ் எடுக்கப் போகிறவள்

பஸ் அருப்புக்கோட்டையை விட்டு மூன்றாவது வளைவு திரும்பும்போதுதான் சூரியகலா கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தாள். நாலு சதவீதம். முந்தின ராத்திரி சார்ஜரைச் சொருகித்தான் வைத்திருந்தாள், சொருகினாளே தவிர சுவிட்சைப் போடவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூடிய சுற்று, திறந்த சுற்று என்று போர்டில் படம் போட்டுக் காட்டுகிற அறிவியல் டீச்சர் செய்கிற காரியமா இது? காலையில் அதைக் கண்டுபிடித்தவர் அவள் வீட்டுக்காரர் தவமணி. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், சுவிட்ச் விஷயத்தில் அவர் கண்ணில் எதுவும் தப்பாது. "சார்ஜ் எடுக்கப் போற அம்மாவுக்குப் போன்ல சார்ஜ் இல்ல. நல்லா வெளங்கும்" என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டே சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது, ஏனென்றால் போன் இருந்த அதே பையில், பதவி உயர்வு ஆணைக்குப் பின்னால், நாலாக மடித்த இன்னொரு தாள் இருந்தது. தலைமையாசிரியர் பதவி எனக்கு வேண்டாம், சொந்தக் காரணங்களுக்காகத் துறக்கிறேன் என்று அவளே எழுதிக் கையெழுத்தும் போட்ட தாள். தவமணிக்கு அது தெரியாது. இந்தத் தாளைக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குப் பட்டியலில் பெயர் வராது. அவள் ஓய்வு பெற இருப்பதே மூன்று வருஷம். ஆகக் கொடுத்தால் கதை முடிந்தது, கொடுக்காவிட்டால் இன்று முற்பகலுக்குள் மேலச்சிறுகுளம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சார்ஜ் எடுத்தாக வேண்டும். எதைக் கொடுப்பது, ஆணையையா தாளையா என்பது பஸ் ஏறும்வரை அவளுக்கே தெரியவில்லை. ஏறின பிறகும் தெரியவில்லை.

சார்ஜ், சார்ஜ். காலையிலிருந்து இந்த வார்த்தை தலைக்குள் ஈயாகச் சுற்றிக்கொண்டிருந்தது, விரட்டினால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்தது. கண்டக்டர் வந்து கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதற்கும் சார்ஜ் என்றுதான் பெயர், பஸ் சார்ஜ் ஏற்றிவிட்டார்கள் என்று பெரியவர்கள் வாரம் முழுக்கப் புலம்புவார்கள். இன்றைக்குப் பெண்களுக்குச் சார்ஜ் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை, எடுக்கப் போகிற சார்ஜாவது இருக்கிறதா என்றால் அதுவும் பைக்குள் மடித்துக் கிடக்கிறது. பாடப்புத்தகத்தில் இதே வார்த்தை மின்னூட்டம். என்ன அழகான தமிழ், ஊட்டுவது என்றால் சோறு ஊட்டுகிற ஊட்டல். சீப்பைத் தலையில் தேய்த்துக் கிழித்த காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் துள்ளிக்கொண்டு வந்து ஒட்டும். ஆனால் எண்ணெய்த் தலையில் தேய்த்த சீப்பில் ஒன்றும் ஒட்டாது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளெல்லாம் எண்ணெய் தேய்த்துத் தலை சீவி மினுமினு என்று வந்து உட்காரும், அன்றைக்குச் சோதனை செய்து தோற்றுப்போய் நின்ற புதுசில் இருந்தே அவள் அந்தப் பாடத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டாள். மின்னூட்டத்தை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான் முடியும், எழுதிக்கோ. ஆபீசிலும் அதே கதைதான். போகிறவர் கையிலிருந்து வருகிறவர் கைக்கு மாறுகிறது, நடுவில் ஒரு நிமிஷம்கூட அது தரையில் கிடக்கக் கூடாது, அதனால்தான் முற்பகலா பிற்பகலா என்று எழுதி வாங்குகிறார்கள். அவள் சித்தப்பா ஒருவர் நெற்றியில் தழும்போடு இருந்தார், மாணவர் போராட்டத்தில் லத்தி சார்ஜில் விழுந்த அடி என்று கல்யாண வீடு தவறாமல் சொல்லுவார், சித்தி அடுக்களையில் இருந்து "சைக்கிள்ல இருந்து விழுந்தாரு" என்று ஒரே வரியில் வரலாற்றைத் திருத்துவாள். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, கட்டணம், மின்னூட்டம், தடியடி, பொறுப்பு, குற்றச்சாட்டு. வெள்ளைக்காரன் மட்டும் என்ன சோம்பலோ, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டான். பொறுப்பும் குற்றச்சாட்டும் ஒரே பைக்குள் கிடக்கிறதே என்று நினைத்ததும் சூரியகலா மடியில் இருந்த பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு சாவி. எந்தப் பக்கம் போனாலும் நினைப்பு அங்கேதான் வந்து தட்டி நிற்கும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், டவுன் பள்ளிக்கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியை மீட்டிங்குக்குப் போகும்போது "சூரியகலா, இன்னிக்கு நீங்க சார்ஜ்ல இருங்க" என்று சாவிக்கொத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒரே ஒரு பிற்பகல். அவள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாள் தெரியுமா, நாலரைக்கு மணி அடித்து, வகுப்பு வகுப்பாகப் பூட்டி, குழாய் மூடி, மோட்டார் நிறுத்தி, சாவிகளை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணினாள். பதினொன்று, சரியாகப் பதினொன்று. வீட்டுக்கு வந்து காப்பி குடித்து, மல்லிகைப்பூ தொடுத்துக்கொண்டு இருந்தபோது வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "டீச்சர், எம்புள்ள வீட்டுக்கு வரல." எட்டாம் வகுப்பு கனிமலர். லேபில் மறந்துவைத்த ஜியாமெட்ரி பாக்ஸை எடுக்கப் போய், பீரோவுக்குப் பின்னால் முக்கோணக் கண்ணாடிப் பட்டகம் ஒன்று கிடப்பதைப் பார்த்து, அதை ஜன்னல் வெயிலில் காட்டி விளையாடிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டவள். பூட்டின கதவுக்குள் இரண்டேகால் மணி நேரம். சூரியகலா ஓடினாள், ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. சாவி துவாரத்தில் ஏறவே மாட்டேன் என்றது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து சூரியகலா சார்ஜ் மெமோவுக்காக, குற்றச்சாட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள், ஒழுங்கு நடவடிக்கை விதி பதினேழு பி-யில் வரும், விளக்கம் கேட்பார்கள், எழுத வேண்டும் என்று மனசுக்குள்ளேயே எழுதி எழுதி அடித்தாள். மெமோ வரவில்லை. தலைமையாசிரியை "விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதான்" என்று முதுகில் தட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. மெமோ வந்திருந்தால் பதில் எழுதி முடித்திருக்கலாம், வராத மெமோவுக்குப் பத்தொன்பது வருஷமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் எந்தத் தலைமையாசிரியர் சாவியை நீட்டினாலும் அவளுக்குத் தலைவலி வந்துவிடும், பல்வலி வந்துவிடும், ஒருதடவை இல்லாத நாத்தனாருக்கு வளைகாப்புகூட வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக் கடையில், பாவாடைத் துணி கிழித்துக்கொண்டிருந்த இடத்தில், "டீச்சர்" என்று கத்திக்கொண்டு ஒரு பெண் வந்து கையைப் பிடித்தாள், இடுப்பில் குழந்தை. கனிமலர்தான். அவளுக்கு அது ஒரு பெரிய வேடிக்கை. "அந்தப் பட்டகத்த வச்சு செவுரு பூரா வானவில்லு விட்டேன் டீச்சர். தனியா ஒரு லேபு முழுக்க யாருக்குக் கெடைக்கும்? ராணி கணக்கா இருந்தேன். வெயிலு போனப்பறந்தான் அழுதேன்." குழந்தையும் சிரித்தது, துணி கிழிக்கிறவரும் சிரித்தார். சூரியகலாவும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ராணியையும் வானவில்லையும் விட்டுவிட்டு வெயில் போன பிறகு என்ற கடைசி வரியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மனசுக்கு எப்போதும் அந்த வேலைதான்.

"எங்கிட்டு டீச்சர் போறீக?" பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று சூரியகலா திருப்பிக் கேட்க, "பைய இப்பிடி ரெண்டு கையால நெஞ்சோட சேத்துப் புடிக்கிறது டீச்சருமாருதான்" என்று பதில் வந்தது. பெயர் பேச்சியக்கா, மேலச்சிறுகுளம் கண்மாய்க்கரைதான் வீடு, அவள் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஆறாப்பு. "எட்டு மாசமா பெரிய டீச்சர் இல்லாமக் கெடக்கு. கணக்கு சாருதான் பாத்துக்கிறாரு, பாவம், இருந்த நாலு முடியும் போச்சு அவருக்கு. இன்னைக்கு யாரோ புதுசா வாறாகன்னு புள்ளைக ஒரே ஆட்டம். நீங்கதானா அது?" சூரியகலா வாயைத் திறந்தாள். ஆமாம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றது. "இல்லக்கா, சும்மா ஒரு வேலையா" என்று சொன்னது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. முருங்கைக்காய்க்காரி அவளையும் பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு "சரி சரி" என்றாள். போன் அடித்தது. தவமணி. "சாப்பாட்டுக் கூடைல ஊறுகா வைக்க மறந்துட்டேன், அங்க யாருகிட்டயாச்சும்..." என்பதோடு போன் செத்தது.

அந்த மனுஷனுக்கும் இந்த வார்த்தை உண்டு, வேறு மாதிரி. புயல் காற்றில் கம்பி அறுந்த நாட்களில் ஆட்கள் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பார்கள், முடிந்ததும் லைனைச் சார்ஜ் பண்ண வேண்டும், அதாவது திரும்பக் கரண்ட் விட வேண்டும். தவமணி ஒரு ஆளைக்கூடக் கண்ணால் பார்த்து எண்ண மாட்டார், இன்னொருத்தர் சொல்லியும் ஏற்க மாட்டார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், அந்த ஆளே தன் குரலில் "எறங்கிட்டேண்ணே" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை நாலு பேரில் மூன்று குரல்தான் வந்தது. நாலாவது ஆள் எங்கே? கீழே இறங்கினதை நான் பார்த்தேன் என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். தவமணி அசையவில்லை. நாற்பது நிமிஷம் ஊரே இருட்டில் உட்கார்ந்து அவருடைய மூன்று தலைமுறையைத் திட்டியது, கடைசியில் அந்த ஆள் கையில் வடையோடு டீக்கடைப் பக்கமிருந்து ஆடி ஆடி வந்தான். "நாப்பது நிமிசம் திட்டு வாங்குனா யாரும் செத்துப்போறதில்ல கலா. ஆள எண்ணாம சுவிட்சப் போட்டாத்தான்." இதை அவர் அவளுக்காகச் சொல்லவில்லை, சும்மா ஆபீஸ் கதையாகத்தான் சொன்னார், அவள்தான் அன்றைக்குத் தலையணை நனைய அழுதாள். நான் சாவியை எண்ணினேன், ஆளை எண்ணவில்லை. பதினோரு சாவி, ஒரு ஆள். அப்படியானால், என்று நினைப்பு முதல் தடவையாக ஒரு புதுச் சந்துக்குள் திரும்பியது, அப்படியானால் எனக்குப் பயம் சார்ஜைக் கண்டா, சாவியைக் கண்டா? பெயர் கூப்பிடுவது எனக்கு நன்றாகத்தானே வரும், முப்பத்திரண்டு வருஷமாகக் காலையில் முதல் வேலையே அதுதானே, அன்றைக்கு மட்டும் ஏன்...

"ஏம்மா, ஸ்கூல் ஸ்டாப்னு தொண்ட கிழியக் கத்துனேனே, எறங்கலையா நீங்க?" கண்டக்டர் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கண்மாய்க்கரை நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. "சும்மா ஒரு வேலையாத்தான வந்தாக, எங்க எறங்குனா என்ன" என்று பேச்சியக்கா முருங்கைக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, முன்னால் நடந்தாள். "ரோட்டச் சுத்த வேணாம் டீச்சர். இந்த வரப்போட போனீகன்னா பள்ளிக்கூடத்துப் பின்கேட்டு. பூட்டே கெடையாது." வரப்பில் நெருஞ்சி முள், வேலிக்கருவேலம், ஒரு மயில், சேலை விளிம்பில் ஒட்டின புல் விதைகள். பையைத் தடவிப் பார்த்தாள், ஆணையும் இருந்தது தாளும் இருந்தது. முன்னால் கேட்டில் போய் நிற்காமல் பின்வழியாக நுழைவது ஒருவகையில் நல்லதுதான், மனசு மாறினால் அப்படியே திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.

கணக்கு ஆசிரியர் சவரிராயன் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்து எழுந்த வேகத்தில், இந்த மனிதர் எட்டு மாசமாக எழுந்திருக்கவே காத்திருந்தார் என்று தெரிந்தது. "வாங்க டீச்சர், வாங்க வாங்க. பின்னாடி வழியாவா வந்தீங்க? பரவாயில்ல. டீ வருது. முற்பகல்னே போட்டுருவோம்." ஏழு பக்கச் சார்ஜ் லிஸ்ட் மேசையில் தயாராக இருந்தது, பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து, அதை அவள் பார்க்காமல் பார்த்தாள். பெஞ்சு அறுபத்திரண்டு, உடைந்தது நான்கு. பூகோள உருண்டை ஒன்று, கைமணி ஒன்று, நாக்கு இல்லை. தண்ணீர்த் தொட்டி, மூடியுடன். இரும்புப் பீரோ மூன்று. சவரிராயன் ஒவ்வொன்றாக வாசித்துக் கையால் காட்டினார், அவள் தலையாட்டினாள், பேனா எடுக்கப் பைக்குள் போன கையில் மடித்த தாள்தான் முதலில் தட்டுப்பட்டது. அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். "பிள்ளைங்க எத்தன பேரு சார்?" அவர் புரியாமல் பார்த்தார். "அது லிஸ்ட்ல வராதே டீச்சர். இன்னிக்கு வருகை நூத்தி முப்பத்தொண்ணு, ரிஜிஸ்டர்ல ஏறியாச்சு." "ஒரு தடவ கூப்பிட்டுப் பாத்துருவோமா?" "எதுக்கு டீச்சர்? காலையிலயே கூப்பிட்டாச்சே." "இப்ப நான் கூப்பிடணும் சார்." தன் குரல் கெட்டியாக இருப்பதைக் கேட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள். ஐந்து வகுப்பு, ஐந்து ரிஜிஸ்டர், ஒவ்வொரு பெயராக. உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா என்று கீச்சுக் குரலும் உடைந்த குரலும் ஜலதோஷக் குரலும் வந்துகொண்டே இருந்தன, வகுப்பு ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவளுக்குக் கவலையில்லை, திட்டு வாங்கினால் யாரும் செத்துப்போவதில்லை. எட்டாம் வகுப்பில், மகிழ்நிலா என்றாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ரிஜிஸ்டரில் வருகைக் குறி இருந்தது, பெஞ்சில் பை இருந்தது, குரல் மட்டும் இல்லை. சூரியகலாவுக்குக் கனிமலரின் குரல்தான் கேட்டது, வெயிலு போனப்பறந்தான் அழுதேன். அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாக எழுந்தது. "மேடம், அவ முன்கேட்டுல நிக்கா. உங்கள வரவேற்க." சவரிராயன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒம்பதரைக்கு நிப்பாட்டுனேன் டீச்சர். நீங்க பின்னாடி வழியா வந்துட்டீங்களா, நான் அப்படியே மறந்தே போயிட்டேன்." மணி பதினொன்றரை ஆகப் போனது.

அவர் யாரையோ அனுப்பப் பார்த்தார், அவள் விடவில்லை, தானே போனாள், ஓட்டமும் நடையுமாக, இந்தத் தடவை இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. கேட்டின் புங்கமரத்து நிழல் நகர்ந்துவிட்டதால் அதோடு சேர்ந்து நகர்ந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றது, கையில் எவர்சில்வர் தட்டு, தட்டில் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, தலை தொங்கின ஒரு ரோஜாப்பூ, காலியான ஒரு சின்னக் கிண்ணம். முகம் வெயிலில் சிவந்திருந்தது, அழவில்லை. "வகுப்புக்குப் போகலையாம்மா?" "புது ஹெச்.எம். வர்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு சார் சொல்லிருக்காக." "அவுங்க வராமலே போயிட்டா?" கேட்டுவிட்டுத் தன் பையை இறுக்கிப் பிடித்தாள் சூரியகலா. அந்தப் பெண் யோசித்தது. "வந்துருவாக. ஆனா என்னைய மறந்துட்டாகன்னு நெனச்சு கல்கண்ட மட்டும் தின்னுட்டேன்." சூரியகலாவுக்கு அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாக வந்தது. பஸ்ஸில் நாக்கு வரைக்கும் வந்து நின்ற வார்த்தை இப்போது தானாக வெளியே வந்தது. "நாந்தாம்மா புது ஹெச்.எம்." மகிழ்நிலா அவளை மேலும் கீழும் பார்த்தது, சேலை விளிம்பின் புல் விதைகளைப் பார்த்தது. கண்ணில் கோபம் ஏறியது. "பின்னாடி வழியா வந்தா நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இவ்வளவு நேரம் நிக்கேன்ல. வெளிய போயிட்டு ஒழுங்கா வாங்க மேடம்."

நியாயமான பேச்சு. சூரியகலா கேட்டைத் திறந்து வெளியே போனாள். ரோடு, எதிரே நிறுத்தம், தூரத்தில் அருப்புக்கோட்டைக்குத் திரும்புகிற பஸ் வருகிற சத்தம், இங்கே நின்று கையைக் காட்டினால் நிற்கும், பெண்களுக்குச் சார்ஜும் இல்லை. பஸ் வந்தது, வேகத்தைக் குறைத்தது, அதே கண்டக்டர்தான் எட்டிப் பார்த்தார். "வேலை முடிஞ்சிருச்சாம்மா? ஏறுறீங்களா?" "இல்லண்ணே," என்றாள், "எனக்கு ஸ்கூல் ஸ்டாப்புதான்." பஸ் போனது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்கேட்டு வழியாக நடுவில் நடந்து உள்ளே வந்தாள். மகிழ்நிலா பன்னீரைக் கொஞ்சம் தாராளமாகவே, பழிக்குப் பழியாக, முகத்தில் அடித்தது. சந்தனத்தை நீட்டியது. ரோஜாவைக் கையில் கொடுத்தது. விரலெல்லாம் சந்தனம். துடைக்க எதுவும் இல்லாமல் பைக்குள் கையை விட்டு, கையில் வந்த அந்த நாலாக மடித்த தாளில் ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைத்து, கசக்கி, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். சவரிராயன் லிஸ்டோடும் பேனாவோடும் வராந்தாவில் பதறிக்கொண்டு நின்றார், முற்பகல் முடிய இன்னும் நேரம் இருந்தது. "கொஞ்சம் இருங்க சார், ஒரு பேரு பாக்கி" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தட்டோடு வந்துகொண்டிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்க்காமல், வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"மகிழ்நிலா."

"உள்ளேன் அம்மா!"

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.